காசிம் பாயின் ஊசிக்கட்டை

கரண்ட் தூசியை எடுக்குமா என்று கேட்டால், எடுக்கும். நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு மேலே மேட்டில், வெயிலில் கரண்ட் எடுக்கும் கண்ணாடிப் பலகைகளை வரிசையாக நட்டிருக்கிறார்கள். அவற்றைக் கழுவித் துடைக்கும் பெண்களில் இரண்டு பேர் எங்கள் தெருவில்தான் குடியிருக்கிறார்கள். போன மாதம் கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்கு ஆட்கள் வந்து ஒரு பலகையை வைத்துக் காட்டினார்களாம். தண்ணீர் வேண்டாம், துணி வேண்டாம். ஸ்விட்சைப் போட்டால் தூசி தானாகத் துள்ளிக் கீழே விழுகிறதாம்.

"அப்ப நாங்க எதுக்கு பெரியம்மா?" என்று ஜோதி கேட்டாள்.

எனக்குப் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் இதே கேள்வியை நாங்கள் எட்டுப் பெண்கள் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறோம். அதனால் எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசி அது. பாம்பூஃப்ளாட் பக்கம் ஒரு பிளைவுட் மில் இருந்தது. இப்போது இல்லை. நாங்கள் மின்னி பேயில் குடியிருந்தோம். காலையில் சாத்தாம் வரை நடந்து, போட் ஏறி அக்கரை போவோம். என் வீட்டுக்காரர் அங்கே மரக்கட்டை யார்டில் வேலை பார்த்தார். ஒரு நாள் பெரிய கர்ஜன் மரக்கட்டை ஒன்று உருண்டு அவர் கால்மேல் ஏறிவிட்டது. கால் பிழைத்தது. நடை போனது. அவர் இடத்துக்குக் கம்பெனி என்னை எடுத்துக்கொண்டது. துடைக்கிற வேலை.

எதைத் துடைப்பது என்று சொல்ல வேண்டும். பெரிய கட்டையை மெஷினில் சுற்றவிட்டுக் கத்தியால் சீவுவார்கள். பென்சில் சீவுவது மாதிரிதான், ஆனால் அறுபடாமல் துணிச்சுருள் போல வரும். அதற்கு வினீர் என்று பேர். நாங்கள் தாள் என்போம். தாளை டிரையரில் காயவைத்து, ஒன்றின்மேல் ஒன்று பசை தடவி அடுக்கி, சூட்டுப் பிரஸ்ஸில் வைத்து அழுத்தினால் பிளைவுட். மேலே வரும் முகத்தாளுக்கு வெள்ளை தூப் மரம். அது அரிசி மாவு நிறத்தில் இருக்கும். பிரஸ்ஸுக்குப் போகும் முன் அதில் ஒரு பொட்டுத் தூசி இருக்கக் கூடாது. அதற்குத்தான் நாங்கள் எட்டுப் பேர்.

மாலதி தீதியின் பக்கத்தில் நின்று வேலை பழகினேன். அவள் வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவள். எங்கள் எல்லோருக்கும் மூத்தவள், அதனால் தீதி, அக்கா. ரேகையோடு துடை, குறுக்கே போகாதே. தாள்மேல் மூச்சு விடாதே. ஈரத்துணி ஆகாது. வளையல் கீறும், கைக்குத் துணி சுற்றிக்கொள். அவ்வளவுதான் படிப்பு. மாலதி தீதி கையில் சங்கு வளையலும் ஓர் இரும்பு வளையலும் உண்டு. புருஷன் உயிரோடு இருக்கும்வரை அவர்கள் ஊர்ப் பெண்கள் அதைக் கழற்ற மாட்டார்கள். காலையில் வந்ததும் அவற்றைத் துணியால் சுற்றிச் சுற்றிக் கட்டுவாள். அடிபட்ட கை மாதிரி இருக்கும்.

பக்கத்து ஷெட்டில் படாக் மரம் அறுத்தார்கள். படாக் தூசி செங்கல் நிறம். கண்ணுக்குத் தெரியாத நைஸ். அது வெள்ளைத் தாளில் உட்கார்ந்து, தாள் சூட்டுப் பிரஸ்ஸுக்குள் போனால், பசை ஈரமும் சூடும் சேர்ந்து சிவப்பு இறங்கிவிடும். வெற்றிலை எச்சில் தெறித்த மாதிரி புள்ளி புள்ளியாக. இழைத்தாலும் போகாது. எங்களுக்கு ஈரத்துணி ஆகாது என்றதும் இதனால்தான். இரண்டு ஷெட்டுக்கும் நடுவில் சாக்குப் படுதா கட்டிப் பார்த்தார்கள். வெக்கையில் நாங்கள் வெந்தோம். தூசி வந்துகொண்டுதான் இருந்தது.

மழைக்காலத்தில் தொல்லை இல்லை. ஒரு துடைப்பில் போய்விடும். மழை விட்டு, காற்று காய ஆரம்பித்தால் போதும், துடைத்த இடத்திலேயே தூசி திரும்ப வந்து உட்காரும். அந்த வருஷம் கல்கத்தாவுக்குப் போன சரக்கு சிவப்புப் புள்ளியோடு திரும்பி வந்தது. அடுத்ததும் வந்தது.

மேனேஜர் எங்கள் ஷெட்டுக்கு வந்தார். கத்தவில்லை. அவர் கத்துகிற ஆள் இல்லை. இந்தியில் சொன்னார். இன்னொரு தடவை சரக்கு திரும்பினால் முகத்தாளை இங்கே ஒட்டப் போவதில்லை. தாளாகவே கட்டி ஜஹாஜில், கப்பலில், ஏற்றிவிடுவோம். அங்கே ஒட்டிக்கொள்ளட்டும். அடுத்த ஜஹாஜ்தான் கடைசி.

அவர் போன பிறகு மாலதி தீதி கேட்டாள். "தப் ஹம் லோக்?"

அப்போ நாங்கள்? அதைத்தான் அவள் கேட்டாள். என் வீட்டில் கால் நடக்காதவர் ஒருவர், பிள்ளைகள் மூன்று.

இன்னும் அழுத்தித் துடைத்தோம். அந்தச் சமயம் மெட்ராஸ் கப்பலில் நைலான் சேலை வர ஆரம்பித்திருந்தது. பழந்துணியில் பஞ்சு பிரிகிறது, நைலானில் பிரியாது என்று யாரோ சொன்னார்கள். கிழிந்த நைலான் சேலைகளைத் தேடி வாங்கிவந்து துண்டு போட்டோம். ஒருத்தி கல்யாணத்துக்கு வாங்கிய சேலையின் முந்தானையையே வெட்டிக் கொண்டுவந்தாள். நல்ல வழவழப்பு. கை வலிக்க வலிக்கத் துடைத்தோம். புள்ளி கூடியது.

அப்போதுதான் காசிம் பாய் வந்தார்.

அவர் மில்லின் எலக்ட்ரிக் மிஸ்திரி. பூர்வீகம் எங்கள் ராமநாதபுரம் பக்கம். ரங்கூனில் ஒரு ரைஸ் மில்லில் இருந்துவிட்டு, அங்கே நிலைமை சரியில்லாமல் போனதும் இங்கே வந்தவர். ஒல்லி. காக்கி அரைக்கால் சட்டை. எதைக் கேட்டாலும் "பாப்போம்" என்பார். லைட் எரியவில்லை என்றாலும் பாப்போம். மோட்டார் புகைகிறது என்றாலும் பாப்போம், ஆனால் ஓடிக்கொண்டே சொல்வார்.

அவர் கரண்டைத் தொடுகிற விதத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. இடது கையைப் பின்பாக்கெட்டில் சொருகிக்கொள்வார். வலது கையின் புறங்கையால் முதலில் லேசாகத் தொட்டுப் பார்ப்பார். பிறகுதான் உள்ளங்கை. ஏன் பாய் ஒரு கையை ஒளித்து வைக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"ரெண்டு கையும் குடுத்தா கரண்டு நெஞ்சு வழியாப் போவும். ஒண்ணு குடுத்தாப் போதும்."

இன்னொரு பழக்கமும் உண்டு. வேலை முடிந்து எங்காவது ஒரு கம்பி உபயோகமில்லாமல் மிஞ்சினால் அதை அப்படியே தொங்கவிட மாட்டார். அதன் நுனியில் இன்னொரு கம்பியை முறுக்கி, மண்ணில் அடித்த எர்த் குழாயோடு கட்டிவிட்டுத்தான் போவார். "சும்மாக் கெடக்குற கம்பிய நம்பப்படாது. எப்ப எதுல பட்டு உசுரு வரும்னு தெரியாது. மண்ணோட கட்டிடணும்." மற்ற எலக்ட்ரிக் ஆட்கள் சிரிப்பார்கள். மில்லில் பாதிக் கம்பிகள் இப்படி மண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

அன்றைக்கு ஃபேன் ரிப்பேருக்காக எங்கள் ஷெட்டுக்கு வந்தவர், ஃபேனை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் துடைத்துவிட்டு நைலான் துண்டைத் தூக்கினேன். அதன் ஓரத்து நூல் தாளை நோக்கி நீண்டு நின்றது. அவர் என் கையிலிருந்து துண்டை வாங்கித் தூசியிருந்த மேஜை மேல் ஒரு விரல் உயரத்தில் பிடித்தார். தூசி எழும்பித் துணியில் ஒட்டியது.

"ராக்கு, நீங்க துடைக்கலம்மா. வா வான்னு கூப்பிடுறீங்க."

தேய்த்தால் கரண்ட் ஏறும் என்றார். டிரையரிலிருந்து சருகாகக் காய்ந்து வரும் தாளில் ஏற்கெனவே கொஞ்சம் இருக்கிறது, நைலானால் தேய்த்தால் இன்னும் ஏறுகிறது, மழைக்காலத்தில் காற்று ஈரம் அதைக் குடித்துவிடும், இப்போது குடிக்க ஈரம் இல்லை என்றார்.

மாலதி தீதி தன் கைத்துண்டைப் பார்த்தாள். முந்தானையை வெட்டியவளையும் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. "உன் கல்யாணச் சேலைக்கு இன்னும் ஆசை போகலை" என்று இந்தியில் சொன்னாள். அந்தப் பெண் அழுதுகொண்டே சிரித்தாள்.

திரும்பவும் பழைய காட்டன் துணிக்கு வந்தோம். குறைந்தது. போகவில்லை. ஜஹாஜ் நெருங்கிக்கொண்டிருந்தது.

"கரண்டால வந்தத கரண்டாலதான் எடுக்கணும்" என்றார் காசிம் பாய். "எடுக்குமா பாய்?" "பாப்போம்."

அபர்டீன் பஜாரில் தையல் ஊசி வாங்கிவரச் சொன்னார். கடைக்காரர் ஊரே கிழிந்துவிட்டதா என்று கேட்டார். ஒரு நீளக் கட்டையில் பித்தளைத் தகடு அடித்து, தகட்டில் ஊசிகளைச் சீப்புப் பல் மாதிரி வரிசையாகப் பற்றவைத்தார். நுனி கீழே பார்க்க வேண்டும். காதுப் பக்கம் மேலே. எல்லா நுனியும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று தரையில் படுத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ஒன்று இறங்கியிருந்தால் திரும்பப் பிடுங்கினார். கம்பெனி ஜீப் ஒன்று ஓடாமல் கிடந்தது. அதன் இக்னிஷன் காயிலைக் கழற்றினார். வண்டியில் பொறி வரவைப்பது அதுதான். அதை ஊசிக்கட்டையோடு இணைத்தார். துடைக்கும் மேஜையில் தகரம் விரித்து, அதற்குமேல் ஒரு சாண் உயரத்தில் இருக்கும்படி கட்டையை உத்தரத்திலிருந்து தொங்கவிட்டார். மேனேஜரிடம் கேட்டுத்தான் செய்தார்.

ஸ்விட்சைப் போட்டார். எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு சத்தம். தாளை மேஜையில் வைத்து ஊசிகளுக்கு அடியில் நகர்த்தினோம். தாளிலிருந்த சிவப்புத் தூசி எழுந்து நின்றது. பொய்யில்லை. மயிர் சிலிர்ப்பது மாதிரி எழுந்து நின்று மேலே தாவியது. ஊசியைத் தொட்டது. தொட்டதும் அங்கிருந்து தெறித்து எங்கள் முகத்திலும் சேலையிலும் ஒட்டியது. என் தலைமுடி காதோரம் தூக்கிக்கொண்டது.

"ராக்கு, கல்யாணப் பொண்ணு மாதிரி சிவந்துட்டே" என்றாள் மாலதி தீதி. எல்லோரும் சிரித்தோம். காசிம் பாய் சிரிக்கவில்லை. தாள் சுத்தமாகிறது, ஆனால் தூசி ஷெட்டை விட்டுப் போகவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஊசிக்குப் பக்கத்தில் தூசி குவியக் கூடாது, உத்தரத்தை முதலில் பெருக்க வேண்டும் என்றார். ஸ்விட்சை நிறுத்தத் திரும்பினார்.

அதற்குள் மாலதி தீதி அடுத்த தாளை உள்ளே தள்ளினாள். கையில் சுற்றிய துணி அவிழ்ந்திருந்தது. ஊசியிலிருந்து நீலமாக ஒரு பொறி இரும்பு வளையலுக்குத் தாவியது. அவள் கையை உதறினாள். தாள் எகிறிக் கட்டையில் அடித்தது. மேலே உத்தரத்தில் படிந்திருந்த தூசி மொத்தமாகக் கொட்டியது. அடுத்த பொறியில் அது பற்றியது.

தீ என்றால் அடுப்புத் தீ மாதிரி இல்லை. புஸ்ஸென்று ஒரு வெளிச்சம். உத்தரத்தோடு ஓடியது. காசிம் பாய் ஸ்விட்சைப் பிடுங்கினார். அப்போது மட்டும் பின்பாக்கெட்டிலிருந்து இடது கையும் வந்தது. அந்தக் கையால் மாலதி தீதியைப் பிடித்து இழுத்துத் தள்ளினார். நான் சாக்குப் படுதாவைப் பிய்த்துக் குடிதண்ணீர் டிரம்மில் முக்கினேன். எட்டுப் பேரும் சாக்கால் அடித்து அணைத்தோம். மர மில். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் தீ படகுத்துறை ஜெட்டி வரை போயிருக்கும்.

காசிம் பாயின் முழங்கையில் தோல் கழன்றிருந்தது. மாலதி தீதி தன் வளையலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றும் ஆகவில்லை.

மேனேஜர் ஓடிவந்தார். காசிம் பாய் முன்னால் போய் நின்றார். "கல்தி மேரா ஹை சாப்" என்றார். தப்பு என்னுடையது.

"சூடி கா கல்தி ஹை" என்று மாலதி தீதி பின்னாலிருந்து சொன்னாள். வளையல் தப்பாம். மேனேஜருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. இனிமேல் இந்த ஷெட்டில் கரண்ட் விளையாட்டுக் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஒன்று கவனித்தேன். அந்த வளையலைக் கழற்று என்று காசிம் பாய் முன்னாலும் சொல்லவில்லை, பின்னாலும் சொல்லவில்லை. சாயங்காலம் போட்டில் அதைக் கேட்டேன். "அவங்க கழட்ட மாட்டாங்க. கழட்டச் சொல்றது மொறையுமில்ல. அது இருக்கும்னு நெனச்சு நாந்தான் செஞ்சிருக்கணும்" என்றார். கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலையில் அவர் முழங்கையில் கட்டோடு வந்து காயிலைக் கழற்றி ஜீப்பிலேயே மாட்டினார். ஊசிக்கட்டையைக் கழற்ற ஆள் வேண்டும், ஏணி வேண்டும். பிறகு கழற்றலாம் என்று விட்டார். ஆனால் ஊசிக்கட்டையிலிருந்து காயிலுக்குப் போன கம்பி சும்மாத் தொங்கியது. அவர் கண்ணுக்கு அது பொறுக்காது. வழக்கம்போல எர்த் குழாயோடு முறுக்கிக் கட்டிவிட்டுப் போனார்.

நாங்கள் வேலையைத் தொடங்கினோம். மேஜைத் தகரம் கருகிக் கிடந்தது. வெள்ளைத் தாளை அதில் வைக்க முடியாது. நானும் மாலதி தீதியும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, தாளை மேஜையில் படாமல் தூக்கி, ஊசிகளுக்கு அடியில் வாங்கி அந்தப் பக்கம் வைத்தோம். துணியைப் போட்டேன். ஒரே இழுப்பு. தூசி வந்துவிட்டது. திரும்பி ஒட்டவில்லை.

அடுத்த தாளும் அப்படியே. மழைக்காலத்துத் தாள் மாதிரி இருந்தது.

மாலதி தீதி தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். "ராக்கு, போ. பாயைக் கூப்பிடு."

காசிம் பாய் வந்தார். ஊசியைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். கம்பி வழியே கண்ணை ஓட்டிக்கொண்டு மண் வரை போனார். தாளை மேஜையில் வைத்து நகர்த்தித் துடைக்கச் சொன்னார். தூசி ஒட்டியது. தூக்கிப் பிடிக்கச் சொன்னார். ஒட்டவில்லை. திரும்ப வைத்து, திரும்பத் தூக்கி, திரும்பத் திரும்பப் பார்த்தார். கடைசியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் தாளுக்குக் கரண்டு குடுக்கப் பாத்தேன். தாள்ல இருக்கறதே போவ வழியில்லாமத்தான் நின்னிருக்கு. ஊசி மொனையப் பாத்ததும் எறங்கி மண்ணுக்குப் போயிடுது. மேஜையில படுத்தா எறங்காது. காத்துல நிக்கணும்." முழங்கைக் கட்டைத் தொட்டுப் பார்த்து, "அல்லா, இதுக்கா கைய சுட்டுக்கிட்டேன்" என்றார். அன்றைக்குத்தான் அவர் சத்தம் போட்டுச் சிரித்ததைக் கேட்டேன்.

இந்தத் தடவை பொறி கிடையாது, காயில் கிடையாது. மாலதி தீதியின் வளையல் ஊசியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. முதலில் தன் கையை வைத்துப் பார்த்தார். புறங்கையால்.

அந்த ஜஹாஜுக்கு வேண்டிய முகத்தாள் முழுவதையும் அப்படித்தான் துடைத்தோம். இரண்டு பேர் தூக்கிப் பிடிக்க, ஒருத்தி துடைக்க, ஒருத்தி அடுக்க. இரண்டு வரிசை, எட்டுப் பேர். பிரஸ்ஸிலிருந்து பலகைகள் வெளியே வரும்போது எல்லோரும் போய் நின்றோம். வெள்ளை. கல்கத்தாவிலிருந்து சரக்கு திரும்பி வரவில்லை.

மேனேஜர் வந்து பார்த்தார். சந்தோஷம். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். இரண்டு பேர் எதற்குத் தூக்கிப் பிடிக்கிறார்கள்? இரண்டு பக்கமும் ரப்பர் ரோலர் போட்டால் அதுவே இழுத்துக்கொண்டு போகாதா? அப்புறம் ஒருத்தி போதுமே.

மாலதி தீதி துடைப்பதை நிறுத்திவிட்டாள். புள்ளி போனால் வேலை நிலைக்கும் என்றுதான் பாடுபட்டோம். புள்ளி போனதாலேயே வேலை போகும் என்று யோசிக்கவில்லை.

காசிம் பாய் தாளைப் பார்த்தார். ரோலர் வர வேண்டிய இடத்தைப் பார்த்தார். இடது கை பின்பாக்கெட்டுக்குள் போனது.

"ரப்பர் தேய்க்கும் சாப். தேய்ச்சா திரும்பக் கரண்டு ஏறும். நைலான்ல பட்டது போதும்."

மேனேஜர் முந்தானைச் சேலைக் கதையைக் கேட்டிருந்தார். தலையாட்டிவிட்டுப் போனார். மில் மூடும்வரை அந்தக் கட்டைக்கு அடியில் தாளைக் கையால்தான் தூக்கிப் பிடித்தோம். என் மூன்று பிள்ளைகளும் அந்தச் சம்பளத்தில்தான் படித்தார்கள். மாலதி தீதி முடி வெளுக்கும்வரை துடைத்தாள்.

காசிம் பாய் ரிட்டயராகி ஊருக்குக் கிளம்பினார். ஜெட்டியில் ஜஹாஜ் நின்றது. நாங்கள் எட்டுப் பேரும் போயிருந்தோம். மாலதி தீதி அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். அவருக்கு முழங்கையில் அந்தத் தழும்பு இருந்தது. எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. ரொம்ப நாளாக வைத்திருந்தேன்.

"பாய், அன்னைக்கு ரோலர் போட்டிருந்தா, நெசமாவே கரண்டு ஏறியிருக்குமா?"

"ஏறியிருக்கும்."

"ஏறினாலும், அதுக்கப்புறம் ஊசி வச்சா எறங்கியிருக்குமே?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பெட்டியை மாலதி தீதியிடமிருந்து வாங்கினார்.

"அத நாம பாக்கலியேம்மா" என்றார்.

எல்லாவற்றுக்கும் பாப்போம் என்று சொன்ன மனுஷன். அந்த ஒன்றை மட்டும் பார்க்காமலே விட்டுவிட்டு ஜஹாஜ் ஏறினார்.

அந்தப் பலகைக்காரர்கள் திரும்பவும் வருகிறார்களாம். ஜோதியிடம் ஒன்றுதான் சொன்னேன். வந்தவர்களில் யாராவது கரண்டைத் தொடும்போது ஒரு கையைப் பின்பாக்கெட்டில் வைத்துக்கொள்கிறாரா என்று பார். அப்படி ஒருத்தர் இருந்தால், அவர் பக்கத்தில் போய் நில்.